சர்க்கரைத் தீர்த்தம்

சுரைக்காயை உப்புப் போடாமல் வேகவைத்தால் அது எதற்கும் ஆகாது டாக்டரம்மா. என்னதான் மிளகைத் தட்டிப் போட்டாலும் வாயில் வைக்க விளங்காது. அதை ஒரு மனிதர் மாதக்கணக்கில் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார் என்றால் அவருடைய வைராக்கியத்தை மெச்சத்தான் வேண்டும். என் வீட்டுக்காரரைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்லப்போவதில்லை. டிஸ்பென்சரி வேலையை அப்படியே போட்டுவிட்டு நீங்கள் இந்தப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து, வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தனை தூரம் சொல்லியிருந்தேனே பாப்பம்மா, ஏன் சர்க்கரை ஜலம் குடுக்கலை?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவரை உங்களுக்கு மூட்டு வலிக்காக டிஸ்பென்சரி வரிசையில் உட்காரும் ஜோதிலிங்கமாகத்தான் தெரியும். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து தனியாளாக டில்லிக்கு வந்து, இந்தி கற்று, பரீட்சை எழுதி, மினிஸ்ட்ரியில் சூப்பரின்டெண்டாக ஆனவர். பொய் பேச மாட்டார். லஞ்சம் என்றால் எழுந்து போய்விடுவார். என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். அப்படிச் சொன்னால் அது நடக்காது என்று அர்த்தம். கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் எனக்கு அது புரியாது. நிஜமாகவே பார்ப்பார் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

எங்கப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. "ஏனுங்க, நான் ஒருக்கா போயிட்டு வந்தர்றனுங்க" என்றேன். ஆகட்டும், பார்க்கலாம் என்றார். அடுத்த தந்தியும் வந்தது. "இனிப் போயி என்ன பண்ணப் போற புள்ள, ரெண்டு நாள் ரயிலு. நீ போறதுக்குள்ள எடுத்துருவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், எடுத்துத்தான் இருப்பார்கள். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். பூங்கோதையை நீங்கள் குழந்தையிலிருந்து பார்க்கிறீர்கள். அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் படிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஜுரத்துக்கு உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ள வந்தவள், அழுவதை விட்டுவிட்டு நீங்கள் ஊசியில் மருந்து ஏற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம், டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று. அவருக்கு வேறு எண்ணம். ஊரில் அவருடைய அக்கா செங்கம்மாள் இருக்கிறாள். அவள் மகன் ராஜமாணிக்கம் அரிசி மில்லைப் பார்த்துக்கொள்கிறான். முறைமாப்பிள்ளை. பன்னிரண்டாவது முடிந்ததும் கல்யாணம் என்று அக்காளும் தம்பியும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது, நான் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் நல்ல பையன்தான். அடுப்பங்கரையில் இன்னொருத்தி நிற்க வேண்டும், அது என் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

உடம்பைக் குறைக்கச் சொன்னது நீங்கள். மூட்டுக்கும் பிளட் பிரஷருக்கும் நல்லது என்றீர்கள். சாதத்தைக் குறைத்து, வேளைக்கு இரண்டு ரொட்டி, காய், மோர் என்று பதமாகத்தான் சொன்னீர்கள். அவர் எதையும் அரையும் குறையுமாகச் செய்கிறவர் இல்லை. ஆபீசில் ஒரு பஞ்சாபிக்காரர் இவரை "மோட்டா மதராசி", குண்டு மதராசி என்று கேலி பண்ணுவார். அந்தப் பஞ்சாபிக்காரரே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அதன்படி காலையில் ஒரு மோசம்பி, அதுதான் நம் ஊர்ச் சாத்துக்குடி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி சுரைக்காய். பஸ்ஸை விட்டுவிட்டுப் பாதி வழி நடை. உடம்பு மளமளவென்று இறங்கியது. கழுத்துப் பட்டி தொளதொளவென்று ஆனதில் அவருக்கு ஒரே பெருமை.

பிறகு ஆபீசில் மயங்கி விழுந்தார். கூட வேலை பார்க்கிற வெங்கடேஸ்வரன் ஆட்டோவில் போட்டு உங்களிடம் கொண்டு வந்தார். நான் ஓடி வந்தபோது குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதவர் மாதிரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நீங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டுச் சொன்னீர்கள். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கும் இப்படி வரும், பட்டினியும் நடையும் சேர்ந்தால் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்றீர்கள். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் நிலைகுத்தும், பேச்சு குழறும். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் இருக்க வேண்டும். ரொட்டியை நிறுத்தக் கூடாது. கடைசியாக, நான் எழுந்த பிறகு, சும்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னீர்கள். "அந்த நேரத்துல அவர் என்ன சொன்னாலும் பெரிசா எடுத்துக்காதீங்கோ. எது கேட்டாலும் தலையை ஆட்டுவார். அப்புறம் அவருக்கே ஞாபகம் இருக்காது."

நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

கிருத்திகை விரதம் அவர்கள் வீட்டில் வழிவழியாக வருவது. முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து குளித்து, இங்கே பக்கத்தில் இருக்கிற நம் மலைக்கோயிலுக்குப் பால்குடம் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து விளக்கேற்றி முருகனுக்குப் பூஜை பண்ணிய பிறகுதான் பலகாரம். மேல் மாடி வத்சலா மாமி, எதிர் பிளாக்கில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லாம் பூஜைக்கு வருவார்கள். அவர் குண்டாக இருந்த காலத்தில் இந்த விரதத்தால் ஒன்றும் ஆனதில்லை. கொஞ்சம் சிடுசிடுப்பார், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லி அனுப்பிய பிறகு வந்த முதல் கிருத்திகையில், கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவருக்குத் தட்டு ஆட ஆரம்பித்தது. முதலில் கை, அப்புறம் தோள், அப்புறம் உடம்பு முழுக்க. நெற்றியில் விபூதி கரைந்து வழிந்தது. கண் எங்கேயோ நின்றுவிட்டது. யாரோ "அரோகரா" என்றார்கள். வத்சலா மாமி தட்டை வாங்கி வைத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். "சாமி வந்துடுத்து, சாமி வந்துடுத்து" என்று அழுகிற குரலில் சொன்னாள். அறை முழுக்க விழுந்து எழுந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது டாக்டரம்மா. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாமல் போகுமா. நான் பதறிப்போய் உள்ளே ஓடி, டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அதுவரை நான் ஒரு தப்பும் செய்யவில்லை. வந்து பார்த்தால் வத்சலா மாமி அவர் காலடியில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரருக்கு வந்திருக்கிற கல்கத்தா மாற்றலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நின்னுடுமா சாமி?" என்றாள். "நின்னுடும்" என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தலை மெதுவாக ஆடியது.

நீங்கள் சொன்னது அப்போதுதான் என் காதில் மறுபடியும் விழுந்தது. எது கேட்டாலும் தலையை ஆட்டுவார் என்றீர்களே. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நான் குனிந்தேன். "சாமி, பூங்கோதை டாக்டர் பரீட்சை எழுதட்டுங்களா?" என்று கேட்டேன். "எழுதட்டும்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டு, அவர் "ஆகட்டும், பாக்கலாம்" என்று சொல்லாத முதல் கேள்வி அது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமா துக்கமா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. உடனே டம்ளரை அவர் வாயில் வைத்தேன். "தீர்த்தம் குடுக்கறா" என்று மாமி எல்லாருக்கும் சொன்னாள். குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, முகம் தெளிந்து, எல்லாரையும் ஒரு மாதிரி பார்த்தார். சாமி மலையேறிவிட்டது என்றார்கள். மலையேற்றியது சர்க்கரை என்று எனக்கு மட்டும் தெரியும்.

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். சொன்னார்கள். முருகா என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் ஆபீசிலிருந்து வரும்போது பரீட்சைக்கு அப்ளிகேஷன் வாங்கிக்கொண்டு வந்தார். தன் வாயால் தானே சொன்னதற்கு அவர் அப்படிக் கட்டுப்பட்டார். அந்த மாதமே கல்கத்தா மாற்றலும் நின்றுபோனது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கிருத்திகைக்கு உட்கார இடமில்லை. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள்கூட முக்காடு போட்டுக்கொண்டு வந்து, "பாபாஜி, மேரா பேட்டா பாஸ் ஹோகா?" என்று தன் பையனின் பரீட்சையைப் பற்றிக் கேட்பாள். பாபாஜி "ஹோகா" என்பார்.

அடுத்த கிருத்திகைக்கு, பெண் பாஸ் பண்ணினால் காலேஜில் சேர்க்க உத்தரவு வாங்கினேன். அதற்கடுத்து, படிப்பு முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று. அப்புறம் ஒருதரம் பிரஷர் குக்கர் கேட்டேன். சாமியிடம் போய்க் குக்கர் கேட்பார்களா என்று நினைக்கிறீர்கள். மற்றவர்களிடம் கேட்டால் "ஆகட்டும், பாக்கலாம்" என்கிறார்களே, வேறு யாரிடம் கேட்பது. குக்கர் வந்தது. நல்ல குக்கர்.

பெப்பர்மிண்ட்டை எடுத்தது நான்தான். கிருத்திகையன்று காலையில் சட்டைக்குப் பெட்டி போடும்போது பையிலிருந்து எடுத்து வைத்துவிடுவேன். விரதத்தன்று மறந்துபோய் வாயில் போட்டுக்கொண்டால் விரதம் கெட்டுவிடும் இல்லையா. ரொட்டியும் அப்படித்தான். கிருத்திகை நெருங்க நெருங்க ரொட்டியை மெலிதாக இடுவேன், அப்புறம் ஒன்றாக்குவேன், அப்புறம் அவரே வேண்டாம் என்பார். உடம்பு வற்ற வற்றத்தான் முருகன் வந்து இறங்குகிறான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. நான் தடுக்கவில்லை. ஒரு மனிதரின் நம்பிக்கையில் கை வைக்க நான் யார்? நடுவில் ஒருதரம் டிஸ்பென்சரியில் நீங்கள் அவரைப் பார்த்துவிட்டு, "இப்படி இளைச்சுட்டாரே, ரொட்டி ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று கேட்டீர்கள். சாப்பிடறாருங்க என்றேன். சாப்பிடத்தான் செய்தார், கிருத்திகை முடிந்த அடுத்த நாளெல்லாம்.

மற்ற நாளிலும் அவர் மாறித்தான் போயிருந்தார். பட்டினியில் ஆள் அடங்கிவிடுகிறார்கள். பனியனும் வேட்டியுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், கை விரல் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். "ஏ புள்ள, கொஞ்சம் மோரு குடு" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்பார். எனக்கு அப்போதெல்லாம் அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வரும். கல்யாணமான புதிதில்கூட வராத பிரியம். மோரை நானே குடிக்க வைப்பேன்.

பூங்கோதை கண்டுபிடித்துவிட்டாள். டாக்டர் பரீட்சைக்குப் படிக்கிறவள்தானே. ஒரு பூஜை முடிந்து எல்லாரும் போன பிறகு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, இது சாமி இல்ல. அப்பாவுக்கு சுகர் டவுன் ஆகுது. என் புக்ல இருக்கு. உனக்கு மாலூம்தானே, தெரியும்தானே?" என்று கேட்டாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "கண்ணு, நீ டாக்டருக்குப் படிக்கோணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். அவள் தேய்த்து வைத்த டம்ளரை எடுத்துத் துடைத்தாள். அதற்கப்புறம் பூஜை நேரத்தில் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். பரீட்சையில் பாஸானாள். சீட்டும் கிடைத்தது. அன்றைக்கு அவர் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். தான் மட்டும் ஒன்றுகூட வாயில் போடவில்லை.

காலேஜ் திறக்கப்போகிற சமயம் பார்த்து ஊரிலிருந்து என் நாத்தனார், நான் நங்கை என்று கூப்பிடுகிற செங்கம்மாள் வந்து இறங்கினாள், மகனையும் கூட்டிக்கொண்டு. நிச்சயம் பண்ணிவிட்டுப் போகிறதாகத் திட்டம். தட்டுக்குப் பட்டுப் புடவைகூட எடுத்து வந்திருந்தாள். ஸ்டேஷனில் தம்பியைப் பார்த்தவள், அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "என்ற தம்பியை எலும்பும் தோலுமா ஆக்கிப் போட்டீங்களே" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர்தான் சமாதானம் சொன்னார். எல்லாம் முருகன் செயல் என்றார். கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "சாமி உத்தரவு வேற மாதிரி ஆயிருச்சுக்கா. புள்ள படிக்கட்டும்" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது.

செங்கம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. அழுதாள், மூக்கைச் சிந்தினாள், செத்துப்போன அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பன்னா இந்தக் கிருத்திகைக்கு நானே சாமிகிட்டக் கேக்கறேன். குடுக்க வேண்டாம்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், நான் ரயிலேறிப் போறேன்" என்றாள். அவர் சரி என்றார். சாமிதானே வந்து சொல்கிறது, யார் கேட்டால் என்ன என்று அவருக்கு.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடைசியில் யார் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் தலை ஆடும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கேட்ட பிறகு நான் ஒருதரம் கேட்டுவிட்டு, உடனே தீர்த்தம் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அந்த வாரம் ரொட்டியே போடவில்லை. அருள் அரைகுறையாக வந்தால் அவர் தன் புத்தியோடு பேசிவிடுவாரோ என்று ஒரு சந்தேகம்.

கிருத்திகையன்று காலையில் செங்கம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த கச்சாயத்தை ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தாள். வெல்லமும் எள்ளும் மணத்தது. "ஒண்ணே ஒண்ணு தின்னு சாமி, அக்கா கையால" என்று பிட்டு அவர் வாய்க்கிட்டக் கொண்டுபோனாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தார். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "நங்கை, இன்னைக்குக் கிருத்திகைங்க" என்றேன். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டார்.

அன்று வெயிலும் அதிகம். ஜூன் மாதத்து டில்லி வெயில், சாயங்காலமும் அடங்காது. பால்குடத்தோடு மலையேறி இறங்கி வந்தவருக்கு வீட்டு மாடிப்படி ஏறும்போதே கால் பின்னியது. கற்பூரம் காட்டுவதற்கு முன்னாலேயே நடுக்கம் வந்து, மணையில் உட்கார்ந்துவிட்டார். கூடம் முழுக்க ஆட்கள். நான் டம்ளரோடு வழக்கமான இடத்தில், அவருக்கு வலது பக்கம் நின்றேன்.

செங்கம்மாள் எதையும் காலில் விழுந்து கேட்கிறவள் இல்லை. நேராக அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள். "சாமி, பூங்கோதைய என்ற பையனுக்குக் குடுக்கலாமா?" என்றாள். "குடுக்கலாம்" என்றார். நான் உடனே குனிந்து, "சாமி, படிப்பு முடியட்டுங்களா?" என்றேன். "முடியட்டும்" என்றார். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கம்மாள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த மாசமே தாலி கட்டிரலாமா? படிப்பு வேண்டாம், இந்த மாசமே கட்டிரலாமா?" என்று கேட்டாள். "இந்த மாசமே கட்டிரலாம்" என்றார். சட்டென்று அவள் கற்பூரத்தைக் கொளுத்திக் கையில் ஏந்திக்கொண்டு, "சாமி சொல்லிருச்சு, எல்லாரும் கேட்டீங்கல்ல" என்று கூடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அரோகரா என்றார்கள். சொன்ன வாக்குக்கு இப்படிக் கற்பூரம் ஏற்றிய பிறகு மறுபடியும் கேட்டால் அது சாமியைச் சோதிக்கிறது ஆகிவிடும்.

டம்ளர் என் கையில்தான் இருந்தது. இதைத்தானே கேட்டீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

கொடுத்திருந்தால் குடித்திருப்பார். குடித்தால் தெளிந்திருப்பார். தெளிந்தால் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டிருப்பார். சொல்லியிருப்பார்கள். சொன்னால் செய்து முடித்துவிடுகிற மனிதர் அவர். அவர் விழித்தெழுந்தால் என் பெண்ணுக்குக் கல்யாணம் என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதனால் அவர் விழிக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. நின்றேன்.

அவருக்கு உடம்பு முறுக்கியது. பல்லைக் கடித்தார். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து, வாசல் பக்கம் நடந்தார். "எங்கே சாமி?" என்று யாரோ கேட்டார்கள். "மலைக்கு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்கு அருள் வருகிற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் எப்போதும் சொல்வேன்.

"வழி விடுங்க, சாமி போறார்" என்றேன்.

விலகி நின்றார்கள். எங்கள் வீடு இரண்டாம் மாடி, சிமெண்ட் படி, உங்களுக்குத் தெரியும். வத்சலா மாமி அவர் தள்ளாடுவதைப் பார்த்துத் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அருள் வந்த உடம்பு, தொடக் கூடாது மாமி என்று சொன்னேன். கையை இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு சத்தம் கேட்டது. தலை முதல் திருப்பத்திலேயே அடிபட்டிருக்க வேண்டும். எல்லாரும் கீழே ஓடினார்கள். நான் சமையலறைக்குப் போய் டம்ளரைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டு ஓடினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் எறும்பு வரும்.

தள்ளிவிட்டாயா என்று கேட்டால் இல்லை. வழி விட்டேன். போலீஸில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். எனக்கு அது இப்போது பெரிதாக இல்லை.

பெரிதாக இருப்பது வேறு. உள்ளே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பூங்கோதை உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தீர்கள். காலையில் அவளிடம், காலேஜில் ஃபீஸ் கட்டப் போக வேண்டாமா கண்ணு என்று கேட்டேன். செங்கம்மாளும் அப்போது அங்கேதான் இருந்தாள், தம்பியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு. பூங்கோதை நிமிர்ந்து பார்க்காமல், "நான் போகலம்மா. அத்தை சொன்ன மாதிரியே பண்ணிக்கறேன். அப்பா கடைசியா சொன்னது அதுதானே" என்றாள்.

அது அப்பா சொன்னதில்லை, உனக்கே தெரியும் என்று வராந்தாவுக்குக் கூட்டிவந்து சொன்னேன். "முஜே மாலூம் தா, அம்மா" என்றாள். "எனக்கும் தெரியும். எல்லாக் கிருத்திகைக்கும் நான் ரூம்ல கதவு சாத்திட்டு உக்காந்திருந்தேன். நான் எப்படிம்மா டாக்டர் ஆவேன்?" என்று கேட்டாள். அழக்கூட இல்லை. உள்ளே போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் பெண்ணுக்காக இவ்வளவும் செய்தேன் டாக்டரம்மா, அவள் இப்போது என் கைக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சாமி சொன்னது என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை, உதறிவிடுவாள். அப்பா சொன்னது என்று ஆகிவிட்டது. அதை அவரைத் தவிர வேறு யாராலும் மாற்ற முடியாது.

அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். பெரிய டாக்டர், இவர் கண்ணைத் திறந்தாலும் திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்கிறார். நீங்கள் இங்கே படித்தவர்கள், நீங்கள் சொன்னால் அந்த நர்சுகள் கேட்பார்கள். அவர் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, ராத்திரி பகலாக ஏறுகிறது. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ரொம்ப நேரம் வேண்டாம், கை நடுங்க ஆரம்பிக்கிற வரைக்கும் போதும். பூங்கோதையைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, நான் இந்தப் பக்கம் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கேட்கத் தெரியும், அவர் சொல்லிவிடுவார். சொன்னதும் நானே என் கையால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுகிறேன்.